சொக்கலேற் கட்டி

யாழ்ப்பாணத்தில் சொக்கலேற், தமிழ்நாட்டில் சாக்லேட். எழுத்துத்தான் வேறு, இரண்டும் ஆங்கிலம் வழியாக வந்த ஒரே சொல். ஆங்கிலத்துக்கு அது ஸ்பானிய மொழியிலிருந்து போனது. அதற்கும் முன்னால் மெக்சிக்கோவின் நவாட்ல் மொழி. மூலச்சொல்லுக்குக் 'கசப்பு நீர்' என்று பொருள் சொல்லுவோர் பலர். ஆனால் பழைய நவாட்ல் எழுத்துகளில் இருப்பது 'ககாவாட்ல்', அதாவது கொக்கோ நீர். எப்படிப் பார்த்தாலும் நீர்தான். நெடுங்காலம் அது குடிக்கிற பொருளாகவே இருந்தது.

கட்டியானது மிகப் பிந்தித்தான். 1828இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹவுட்டன், கொக்கோவை அழுத்திப் பிழிந்து கொழுப்பை வேறாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கொழுப்பு, கொக்கோ வெண்ணெய், இல்லாவிட்டால் கட்டியே இல்லை. அதை உருக்கி, கொக்கோத் தூளும் சீனியும் கலந்து, அச்சில் வார்த்து, 1847இல் பிரிஸ்டல் நகரின் பிரை நிறுவனம் கடித்துத் தின்னும் சொக்கலேற்றை விற்றது. பால் சேர்ந்தது 1875இல், சுவிற்சர்லாந்தின் டானியல் பீற்றர் கையில்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'காவிக்கண்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டு என்றால் கற்கண்டுபோல் சீனி இறுகியது. சொக்கலேற்றை இறுக வைப்பதோ கொழுப்பு. காவி நிறமும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கொக்கோத் தூள் சேராமல் கொக்கோ வெண்ணெய், பால், சீனியால் செய்யும் வெள்ளைச் சொக்கலேற்றை 'வெள்ளைக் காவிக்கண்டு' என்பதா?

பெயர் சொக்கலேற்றாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில் 'பார்' (bar) என்பதை மட்டும் கட்டி என்போம். பாளம் என்றும் சிலர் சொல்வதுண்டு, ஆனால் அது உலோகத்தை நினைவூட்டுகிறது. காய்ச்சிய பதநீரைப் பனையோலைக் குட்டானில் வார்த்துப் பனங்கட்டி எடுக்கிற ஊருக்கு, அச்சில் வார்த்து இறுகிய இனிப்பைக் கட்டி என்று சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பால் சொக்கலேற் கட்டி, கறுப்புச் சொக்கலேற் கட்டி, கச்சான் போட்ட கட்டி என்று வகைகளையும் இலகுவாகப் பிரிக்கலாம்.

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். வாயில் வைத்ததும் கரைவதும், சித்திரை வெயிலில் கட்டி குழைந்துபோவதும் அதனால்தான். குழைந்து மறுபடி இறுகிய கட்டியில் வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சணம் அல்ல, மேலே வந்த கொழுப்பு. தாராளமாகச் சாப்பிடலாம்.