மெனோபாஸ்: நிறுத்தமா, நிறைவா?

‘மெனோபாஸ்’ என்ற சொல்லுக்கு வயது இருநூறுதான். ‘மாதம்’, ‘ஓய்தல்’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-இல் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

தமிழில் பெரும்பாலும் ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்று எழுதுகிறோம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. ‘நில்’ தன்வினை, ‘நிறுத்து’ பிறவினை. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம் இரண்டிலும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே யாரும் நிறுத்துவதில்லை. சினைப்பையில் முட்டைகள் தீரத் தீர அது தானாக நிற்கிறது. ‘எனக்கு நின்னுபோச்சு’ என்று வீட்டுப் பெண்கள் சொல்வதே இலக்கணப்படியும் சரி. அதனால் ‘மாதவிடாய் நிறைவு’ என்பதுதான் என் தேர்வு. அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அது வேறு. அதற்கு ‘நிறுத்தம்’ மிகச் சரியான சொல்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் நிறைவு என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஆனால் பெயர் இரத்தப்போக்கை மட்டும்தான் பார்க்கிறது. உடம்புக்குள் நடக்கும் பெரிய மாற்றம் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான்.

ஈஸ்ட்ரோஜன் சினைப்பையில் சுரக்கும் ஒரு ஹார்மோன். ‘தூண்டிவிடு, இயக்கு’ என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து, 1905-இல் இலண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் அறிமுகப்படுத்திய சொல் ‘ஹார்மோன்’. தமிழில் ‘இயக்குநீர்’ என்பது அந்த வேரை அப்படியே பிடித்துக்கொள்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘ஓமோன்’.

இந்த இயக்குநீர் நிறைய இருக்கும் வயதில் பெண்ணுக்குக் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்கிறது. குறைந்ததும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது. குடலையும் கல்லீரலையும் சுற்றி ‘உள்ளுறுப்புக் கொழுப்பு’ படிகிறது. எடை பார்க்கும் மெஷினில் முள் நகராமலே சேலைக்கட்டு இறுகலாம். ‘வயசானா வயிறு போடத்தான் செய்யும்’ என்று விட்டுவிடக் கூடாத கொழுப்பு இது. இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கும், இரத்தக் குழாய்களில் அழற்சியைத் தூண்டும். இதே காலத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பும் ஏறும், குழாய்ச் சுவர் விறைக்கும். இளவயதில் ஆண்களைவிடப் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்ற அனுகூலம் இப்படித்தான் மெல்லக் கரைகிறது. தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் அளவுகோல்.

சரி, ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் தப்பிக்குமா? அப்படித்தான் பலகாலம் நம்பினார்கள். ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு இயக்குநீரும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றை 2002-இல் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடின, இதயத்துக்கும் காப்பு கிடைக்கவில்லை. உடம்பு திடீர் திடீரெனக் கொதிப்பது போன்ற தொல்லைகளுக்கு அந்தச் சிகிச்சை இன்றும் பயன்படுகிறது. மாரடைப்பைத் தடுப்பதற்கென்று மட்டும் கொடுப்பதில்லை.

நம் ஊரில் இன்னொரு பேச்சு வழக்கு உண்டு: ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும்; சினைப்பை தொடர்ந்து சுரக்கும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரியும். 45 வயதுக்கு முன் அப்படி நடந்தால் இதய நோய் ஆபத்து கூடுதல். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, ‘சினைப்பை இருக்கிறது’ அல்லது ‘இன்ன வயதில் எடுத்துவிட்டார்கள்’ என்று சேர்த்தே சொல்லுங்கள். தெரியாவிட்டால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.