டிவியில் சிக்னல் இல்லையா? பாக்ஸை மாற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

சென்னையில் டிஷ் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இதை எழுதக் காரணம் ஒன்றுதான். டிவியில் படம் வரவில்லை என்றதும் "பாக்ஸ் போச்சு, புதுசு வாங்குங்க" என்று யாரோ சொல்லி, பணத்தைச் செலவழித்த பிறகும் படம் வராமல் உட்கார்ந்திருக்கும் வீடுகளுக்கு அடிக்கடி போகிறேன். அதில் நிறைய வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், இவர்களுக்குப் பேச்சுத்துணையே அந்த டிவிதான், அதனால் யார் என்ன சொன்னாலும் சரியென்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் பாக்ஸ் நிஜமாகவே கெட்டுப்போன வீடுகள் குறைவு. கோளாறு மொட்டை மாடியில், டிஷ்ஷுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி இரண்டடி கேபிளிலும் அதன் முனையில் இருக்கிற சின்ன கனெக்டரிலும்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சிக்னல் இல்லை என்று வருவது வேறு, இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா கட்டவில்லை என்று வருவது வேறு. இரண்டாவது வந்தால் டிஷ்ஷையோ கேபிளையோ யாரும் தொடவே வேண்டாம், அது பேக் சமாச்சாரம். 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி மாறியதிலிருந்து சேனல்களைத் தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம், பேக்காகவும் எடுக்கலாம். பேக்கை மாற்றும்போது ஒன்றிரண்டு சேனல் விட்டுப்போவது சகஜம். அதற்குப் போய் மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் இருக்கிற சேனலும் போய்விடும்.

சிக்னல் இல்லை என்றுதான் வருகிறது என்றால், அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்திக் கோளாறு வந்தபோது அதன் டிரான்ஸ்பாண்டர்களில், அதாவது சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில், பாதியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அப்போது பாதிக்கப்பட்டது ஒரு வீடு இரண்டு வீடு இல்லை. ஆனால் அந்த மாதிரி அபூர்வமாகத்தான் நடக்கும். பக்கத்து வீட்டில் படம் ஓடுகிறது, உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் செயற்கைக்கோளைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அடுத்து ரிமோட்டில் மெனுவை அழுத்தி, செட்டிங்கில் சிக்னல் பக்கத்துக்குப் போங்கள். எல்லா பாக்ஸிலும் அது உண்டு. அங்கே ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். நிறைய பேர் ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து "தொண்ணூறு இருக்கே சார், அப்புறம் ஏன் வரல?" என்று கேட்கிறார்கள். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக மொத்தம் எவ்வளவு வந்து சேருகிறது என்பதைத்தான் காட்டும், அதில் இரைச்சலும் சேர்த்திதான். டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பி வைத்தாலும் சில பாக்ஸ்களில் ஸ்ட்ரெங்த் நிறையவே காட்டும். இரைச்சலைத் தாண்டி நமக்கு வேண்டிய சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைச் சொல்வது குவாலிட்டி. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். வெயில் அடிக்கிற ஒரு நல்ல நாளில், எல்லாச் சேனலும் சரியாக ஓடும்போது, அந்தப் பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வரும்போது என்னை மாதிரி ஆட்களுக்கு அந்தப் படம் பெரிய உதவி, யாராவது ஏமாற்றப் பார்த்தால் உங்களுக்கும் உதவி.

பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா காலத்துப் பழக்கம் இன்னும் பல பேரிடம் இருக்கிறது. அப்போது சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும், நிழல் விழும், ஆனாலும் எப்படியோ பார்த்துவிடலாம். ஒருத்தர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருத்தர் "இப்ப வருது, இப்ப போச்சு" என்று கத்துவார். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு அளவுக்கு மேல் குவாலிட்டி இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும், அந்த அளவுக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அதனால் நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது என்பதால் டிஷ் நல்ல நிலையில் இருந்தது என்று அர்த்தமில்லை. எல்லையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும், ஒரு சின்னக் காற்று போதும். வீட்டு டிஷ் ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் அகலம், அது வானத்தில் பார்க்கும் பரப்பு சுமார் மூன்று டிகிரிதான். விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே படம் உடைய ஆரம்பித்துவிடும். கையால் திருப்பிச் சரிசெய்கிற வேலை இல்லை இது, தயவுசெய்து திருப்பாதீர்கள்.

சில சேனல் வருகிறது, சில சேனல் வரவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வரும் புகார். இதைக் கேட்டதும் பாக்ஸ் போச்சு என்று சொல்பவரை நம்பாதீர்கள். டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் அந்த எல்.என்.பி.க்கு மின்சாரம் போவது உங்கள் பாக்ஸிலிருந்து, அதே கேபிள் வழியாகத்தான். செங்குத்தாக அதிரும் அலைகளில் வரும் சேனல் வேண்டுமென்றால் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும், கிடைமட்டமாக அதிரும் அலைகளில் வரும் சேனல் வேண்டுமென்றால் 18 வோல்ட். நீங்கள் சேனல் மாற்றும்போது பின்னால் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இப்போது, கனெக்டரில் துரு ஏறியிருக்கிறது, அல்லது மூன்று மாடிக்கு மட்டமான கேபிளை இழுத்து நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பாக்ஸ் அனுப்பும் 18 வோல்ட் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். எல்.என்.பி. அதை 13 என்று நினைத்துக்கொள்ளும். சேனல்கள் இந்த இரண்டு விதத்திலும் பிரிந்து வரும் இணைப்பாக இருந்தால் ஒரு பாதி சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். புது பாக்ஸ் வைத்தாலும் இதே கதைதான், கேபிள் பழையதுதானே. பாக்ஸின் அடாப்டர் பலவீனமானாலும் இதே மாதிரி ஆகும், கூடவே பாக்ஸ் தானாக அணைந்து அணைந்து எரியும். பாக்ஸை மாற்றுவதற்கு முன்னால், அதே வோல்ட் அதே ஆம்பியர் உள்ள வேறொரு அடாப்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் விலை பாக்ஸ் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

கேபிள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்க வேண்டும். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே மாதிரி கறுப்புச் சுருளில் பல தரத்தில் கிடைக்கும். உள்ளே நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வலைப்பின்னல் நெருக்கமாக இருக்கிறதா, பத்து இழைதான் இருக்கிறதா என்று முனையை உரித்துப் பார்த்தாலே தெரியும். நடுக்கம்பி முழுச் செம்பா, இரும்பின் மேல் செம்புப் பூச்சா என்பதைக் காந்தம் வைத்துப் பார்க்கலாம். பூச்சுக் கம்பி குறைந்த தூரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் நான்கு மாடி அடுக்குமாடியில் தரைத்தளத்துக்கு இழுப்பதாக இருந்தால் முழுச் செம்புக்குக் கூடக் கொடுக்கும் காசு வீணாகாது. முக்கியமாக, நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம், காசிமேடு, எண்ணூர், கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, உப்புக்காற்று டிஷ்ஷைத் தின்றுவிடும். உள்ளே அம்பத்தூரில் பல வருஷம் தாங்கும் போல்ட், அங்கே சீக்கிரமே துருப்பிடித்துக் கையோடு வரும். கனெக்டருக்குள் ஈரம் போனால் செம்பு பச்சை பூக்கும், அதன் பிறகு குவாலிட்டி மெல்ல மெல்ல இறங்கும். தீர்வு எளிது. திருகி மாட்டும் மலிவான கனெக்டருக்குப் பதில் கருவி வைத்து அழுத்திப் பொருத்தும் கனெக்டர் போடச் சொல்லுங்கள், அதன் மேல் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றச் சொல்லுங்கள். கேபிள் எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்ட வேண்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கு ஏறாது. இதெல்லாம் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அவசரமாக மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

மழை வந்தால் டிவி போவது பற்றி. பெரம்பூரில் ஒரு அம்மா, "தம்பி, மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள போயிடுச்சு" என்று ஆச்சரியமாகக் கேட்டார். அவர் சொன்னது சரிதான். நம் டிஷ் பார்ப்பது தலைக்கு நேர் மேலே இல்லை. சன் டைரக்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன, சென்னையிலிருந்து அது தென்கிழக்கு வானத்தில், அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மேகம் கடலிலிருந்து ஏறி வரும்போது, நம் தெருவில் தூறல் விழுவதற்கு முன்னாலேயே அந்த வழியில் நுழைந்துவிடும். வீட்டு டிஷ்ஷுக்கு வருவது கே.யு. அலைவரிசை, சுமார் 12 ஜிகாஹெர்ட்ஸ், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கேபிள் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் பெரிய டிஷ் சி அலைவரிசை, அலைநீளம் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர், அதனால் அது மழையை நன்றாகத் தாங்கும்.

பெருமழையில் கொஞ்ச நேரம் போவது இயல்பு, மேகம் நகர்ந்ததும் தானாக வரும். லேசான தூறலுக்கே போகிறது என்றால்தான் கோளாறு, டிஷ் எல்லையில் தொங்குகிறது என்று அர்த்தம், மழை விட்ட பிறகு குவாலிட்டியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்யும்போது மட்டும் மாடிக்கு ஏறவே ஏறாதீர்கள். பாசி பிடித்த தளம், இரும்புக் கம்பம், பக்கத்தில் போகும் மின்கம்பி, மேலே இடி. கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவருக்காகக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்குகிறது. வர்தா, மிக்ஜாம் மாதிரி புயல் வருகிறது என்று அறிவிப்பு வந்தால், அது கரையை நெருங்குவதற்கு முந்தைய நாளே டிஷ் கம்பத்தின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஆடிக்கொண்டிருந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடுவது மேல், அறுந்து பறக்கும் டிஷ் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. இடி இடிக்கும்போது பாக்ஸின் மின்சாரத்தோடு டிஷ் கேபிளையும் பின்னாலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

எதிர்வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், இனி சிக்னல் வருமா என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். டிஷ்ஷின் முகம் எதிர்வீட்டையே பார்ப்பது போலத்தான் தெரியும், அதன் வடிவமைப்பு அப்படி, உண்மையில் அது பார்ப்பது இன்னும் நன்றாக மேலே. 68 டிகிரிக்கு, உங்கள் டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயரமான சுவர்கூட நான்கு மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். டாடா பிளே வருவது 83 டிகிரியிலிருந்து, சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கு, இன்னும் உயரம். ஏர்டெல் 108.2 டிகிரி, கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து சுமார் 54 டிகிரி உயரம், அதற்கு அதே சுவர் ஏழு மீட்டர் தூரத்தில் இருந்தால்கூட மறைத்துவிடும். அடுக்குமாடியில் பால்கனியில் மாட்ட நினைப்பவர்கள் இணைப்பு வாங்கும் முன்பே இந்தத் திசையைப் பாருங்கள், வடக்குப் பார்த்த பால்கனியில் எதுவும் வராது. கட்டடத்தைவிட மரம்தான் அதிகம் தொல்லை. மாட்டும்போது சின்னதாக இருந்த வேப்பங்கிளை ஒரு மழைக்காலம் முடிந்ததும் குறுக்கே வந்து நிற்கும், ஈர இலை சிக்னலை நன்றாகவே தடுக்கும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், நல்ல வெயிலில், முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிடம் போய்விட்டு வந்தால் பயப்பட வேண்டாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நாட்கள் அவை. யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது டிவிக்கு, கேபிள் டிவிக்குப் போடுகிற சாதாரண ஸ்ப்ளிட்டரை மாட்டாதீர்கள். மேலே சொன்ன 13, 18 வோல்ட் கணக்கு அங்கே குழம்பும், ஹாலில் சேனல் மாற்றினால் படுக்கையறையில் படம் போகும். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. போட்டு இரண்டு கேபிளாக இழுப்பதுதான் முறை. எச்.டி. பாக்ஸ் வாங்கிவிட்டு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்திருந்தால் எச்.டி. வராது, எச்.டி.எம்.ஐ. ஒயர்தான் வேண்டும். 5ஜி டவர் வந்ததால் வீட்டு டிஷ் கெட்டது என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். சென்னையில் ஓடும் 5ஜியின் அலைவரிசைகள் வீட்டு டிஷ்ஷின் அலைவரிசையிலிருந்து ரொம்பவே தள்ளி இருக்கின்றன.

கடைசியாகப் பணம் சம்பந்தப்பட்டது. கொளத்தூரில் ஓய்வுபெற்ற ஒருவர், படம் வரவில்லை என்று இணையத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவன் மரியாதையாகப் பேசி, செல்போனில் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் அனுப்பினால் சிக்னல் திறந்துவிடும் என்று சொல்லி, கணக்கில் இருந்ததை எடுத்துவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது கோளாறு துருப்பிடித்த கனெக்டர்தான். எண் வேண்டுமென்றால் உங்கள் பாக்ஸின் அடியிலோ, டிவி திரையிலோ, கம்பெனியின் சொந்தச் செயலியிலோ இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். எந்தக் கம்பெனிக்கும் உங்கள் செல்போன் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது, அதற்கு ரீசார்ஜ் என்று யாராவது கேட்டால் மோசடி. பணம் போய்விட்டது என்று தெரிந்த அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. கம்பெனி சேவை சரியில்லை, தேவையில்லாத பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக்கு வரும் டெக்னீஷியனிடம் வேலைக்கு முன்னும் பின்னும் குவாலிட்டி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினேன் என்று சொல்லும் பழைய எல்.என்.பி.யையும் அடாப்டரையும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எச்.டி. சேனல் உட்பட நாலைந்து சேனலை நீங்களே மாற்றிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.