அஞ்சு ஸ்டார் காரும் ராம்நாட்டு உப்புக்காத்தும்

தங்கச்சிமடத்துல எங்க மாமா கார் வாங்கி ஒம்பது வருசம் ஆச்சு. பாதுகாப்புக்கு பேர் போன கம்பெனின்னுதான் வாங்குனாரு. போன மாசம் பட்டறையில ஜாக்கி போட்டு தூக்குனப்ப மெக்கானிக் அண்ணன் அடியில ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா குத்துனாரு, அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ள போயிருச்சு. மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கு!

காரோட பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்க வைக்கிற முக்கியமான சோதனை என்னன்னா, புது கார 64 கிலோமீட்டர் வேகத்துல, முன்பக்கத்துல 40 சதவீதம் மட்டும் படுற மாதிரி ஒரு தடுப்புல மோத விடுவாங்க. 2014-ல டாடா நானோ இதுல ஜீரோ, அதே டாடாவோட நெக்ஸான் 2018-ல அஞ்சு ஸ்டார். ஆக நாலு வருசத்துல பேர சம்பாதிச்சிரலாம். ஆனா மோத விட்டது புது காருங்க, ஒம்பது வருசம் பாம்பன் காத்து குடிச்ச கார் இல்ல.

மோதுற வேகம் எங்கயாச்சும் செலவாகணும்ல, அதுக்குத்தான் முன்னாடி நீளவாக்குல ரெண்டு இரும்புக் குழாய் மாதிரி வச்சிருப்பாங்க, பெட்டி வடிவத்துல. அது ஆர்மோனியத் துருத்தி கணக்கா மடிப்பு மடிப்பா நசுங்கி வேகத்த தின்னுரும், உள்ள உக்காந்திருக்கவங்க தப்பிப்பாங்க. நடுவுல ஒரு எடம் துருப்பிடிச்சு மெலிஞ்சிருந்தா துருத்தி மாதிரி நசுங்காது, முழங்கால் மடங்குற மாதிரி அந்த ஒரே எடத்துல மடங்கிரும், மிச்ச வேகமெல்லாம் நம்ம காலுக்குத்தான் வரும்.

நம்ம கடக்கர உப்பு ஏன் இவ்வளவு மோசம்னா அதுல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு. சாப்பாட்டு உப்பு கசியணும்னா காத்துல 75 சதவீதம் ஈரம் வேணும், இதுக்கு 33 போதும். அதனால கச்சான் காத்து அடிச்சு மண்ணெல்லாம் காஞ்சு பறக்குற மத்தியானத்துலயும் தகடு மேல படிஞ்ச உப்பு ஈரமாத்தான் இருக்கும், துரு லீவே எடுக்காது. ரெண்டு தகட்ட சேத்து ஸ்பாட் வெல்டிங் அடிச்ச இடுக்குல, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி உப்புத்தண்ணி ஏறிக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. துத்தநாகம் பூசுன தகடுன்னா துத்தநாகம் முதல்ல தான் கரைஞ்சு இரும்ப காப்பாத்தும், அது தீந்துருச்சுன்னா அவ்வளவுதான்.

இரும்பு மட்டுமில்ல. டகாட்டான்னு ஏர்பேக் செய்யுற ஜப்பான் கம்பெனி, பைய ஊத வைக்கிற மருந்தா அம்மோனியம் நைட்ரேட் போட்டாங்க, வருசக்கணக்கா வெக்கையும் புழுக்கமும் பட்டு அது கெட்டுப்போச்சு, மோதுனப்ப பை விரியுறதுக்குப் பதிலா அந்த மருந்து இருக்குற இன்ஃப்ளேட்டர் டப்பாவே வெடிச்சு இரும்புத்துண்டு பறந்து ஆளுங்க செத்தாங்க. அமெரிக்காவுல புழுக்கமான கடலோர ஏரியா வண்டிங்களுக்குத்தான் முன்னுரிமை குடுத்து திரும்பக் கூப்டாங்க. 2017-ல டகாட்டா திவால், ஆனா நாறுனது அத வாங்கி மாட்டுன ஹோண்டா மாதிரி கார் கம்பெனிங்க பேரும்தான்.

வோல்வோ கார் கம்பெனின்னா 1959-ல அவங்க இன்ஜினியர் நீல்ஸ் போலின் கண்டுபிடிச்ச மூணு முனை சீட் பெல்ட்ட எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கென்னமோ 1970-ல இருந்து நெஜ ரோட்டுல அடிபட்ட வண்டிங்களப் போய் பாத்து எழுதிக்க ஒரு டீமே வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் பேர காப்பாத்துற வேலைன்னு தோணுது. ஓடித் தேஞ்ச வண்டி என்ன ஆகுதுன்னு அங்கதான தெரியும்.

மாமா இப்ப தனுஷ்கோடி போய்ட்டு வந்தா காருக்கு அடியில மட்டும் கழுவுறாரு. வாட்டர் சர்வீஸ்ல விட மாட்டேங்குறாரு, அங்க அடிக்கிறதே உவர் போர் தண்ணிங்குறாரு. காசு குடுத்து வாங்குன நல்ல தண்ணி ரெண்டு குடம், அத்தை திட்டத் திட்ட.