கொழும்பில் ஊழியம் செய்ய வருகிறவர்களுக்கு: விசாவும் அதற்குப் பிறகும்

சுற்றுலா விசாவில் வந்து கொழும்பில் பிரசங்கம் செய்யக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் போதகர்களும் மிஷனரிகளும் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். "ஒரு வாரம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று அழைக்கிற சபையே சில வேளை சொல்லிவிடுகிறது. பிறகு கொழும்பின் கொட்டாஞ்சேனைப் பகுதியில் படத்தோடு சுவரொட்டி ஒட்டுகிறார்கள், முகநூலில் நேரலையும் போகிறது. முறைப்பாடு வந்தால் அவையே ஆதாரம். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தின் கீழ், விசா நிபந்தனையை மீறியவரை நாட்டைவிட்டு அனுப்பலாம். அவர் ஊருக்குப் போய்விடுவார். பொலிஸுக்கும் அயலவருக்கும் பதில் சொல்லப்போவது அழைத்த சபைதான்.

இரண்டு வகை வருகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கன்வென்ஷனில் பேசிவிட்டுத் திரும்புவதானால், இணையவழிப் பயண அனுமதியில், அதாவது ஈ.டி.ஏ.யில், சுற்றுலா என்பதைத் தெரிவு செய்யாமல் வணிக நோக்கம் என்ற பிரிவைப் பாருங்கள். சமய நிகழ்வுகளில் பங்குபற்றுவது அந்தப் பிரிவுக்குள்தான் வருகிறது. பெயரைப் பார்த்து 'நமக்கு என்ன வணிகம்' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். தங்கி ஊழியம் செய்வதானால் வதிவிட விசா வேண்டும், அதில் மதகுருமாருக்கென்று தனிப் பிரிவு உண்டு.

வதிவிட விசா வேலை நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே கொழும்பில் தொடங்க வேண்டும். அழைக்கும் திருச்சபை, உங்களை எதற்காக, எந்தச் சபைக்கு, எவ்வளவு காலத்துக்கு அழைக்கிறது என்று எழுதி, கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் வழியாகப் பரிந்துரை பெற வேண்டும். அந்தப் பரிந்துரையோடு பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அனுமதி, அதன்பின் நுழைவு விசா. வந்து இறங்கியதும், நுழைவு விசா முடிவதற்குள் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் சுற்றுலாப் பயணியாக வந்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையோடு வராதீர்கள். திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்க நேரும்.

கோப்பு தேங்குவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்களே போதும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரித்து எழுதியிருக்கும், அபிஷேகச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்பதற்குச் சத்தியக் கடதாசியை (அஃபிடவிட்டை) ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ்களுக்கு அத்தாட்சிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

வதிவிட விசாவுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. மலேரியா, யானைக்கால் நோய், காசநோய், எச்.ஐ.வி. நான்கையும் பார்ப்பார்கள். 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பு இலங்கையை அறிவித்தது. ஆகவே வந்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டால் இந்தியாவிலிருந்து வந்ததை வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். இங்குள்ளவர்கள் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள். அதுவும் சரியே: டெங்குவோ என்ற சந்தேகம் இருக்கும்வரை பரசிட்டமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரொஃபனோ தொடக் கூடாது.

இனி, கடினமான பகுதி. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் ஒவ்வோர் ஆளுக்கும் தருகிறது. ஆனால் மதத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிக்காட்டும் உரிமையைச் சொல்லும் 14(1)(உ) உறுப்புரை பிரசைகளுக்கு, அதாவது இலங்கைக் குடிமக்களுக்கு, மட்டுமானது. வெளிநாட்டவர் அந்த உரிமையில் சாய்ந்து நிற்க முடியாது. நீங்கள் நிற்பது உங்கள் விசாவின் மீதும் அழைத்த திருச்சபையின் பெயரின் மீதும்தான். அதனால்தான் வந்தவுடன் சொந்தமாக ஓர் அமைப்பைப் பதிவு செய்யும் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறோம். 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவியரின் சபையைச் சட்டப்படி ஓர் அமைப்பாகக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. சமயப் பரப்புரையும் பொருளுதவியும் ஒரே அமைப்பின் நோக்கங்களாகச் சேர்ந்திருந்ததே அங்கு உறுத்தியது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. அவர்கள் பக்கமே நியாயம் என்பதுதான் எங்கள் கருத்தும். ஆனாலும் உள்ளூரில் உச்ச நீதிமன்றத்தின் அந்த முடிவின் நிழல் இன்னும் இருக்கிறது.

ஆகவே உலர் உணவுப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். வெள்ள நிவாரணத்தை ஜெபக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள், உதவி பெறுகிறவரிடம் சபைப் பதிவில் கையெழுத்து வாங்காதீர்கள். அரிசியும் பருப்பும் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே நீண்ட காலமாக இருக்கிறது, அதற்கு ஒரு படம் போதும். நிவாரணம் வேறு நாளில், வேறு இடத்தில், எல்லாச் சமயத்தாருக்கும் போகட்டும்.

வாடகை வீட்டில் ஆராதனை தொடங்குவது இன்னொரு கண்ணி. புதிய வழிபாட்டுத் தலங்கள் பற்றிய 2008 அரசாங்கச் சுற்றுநிருபத்தை (சுற்றறிக்கையை) காட்டி அதிகாரிகளோ அயலவரோ கேள்வி கேட்பது வழக்கம். முதல் வருடத்தில் ஏற்கெனவே உள்ள ஆலயக் கட்டடத்துக்குள்ளேயே ஊழியம் செய்யுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அது கூடாது என்பது 2007இன் உச்ச நீதிமன்ற உத்தரவு. பௌத்தர்கள் புனிதமாக அனுசரிக்கும் பௌர்ணமியான போயா தினத்தில் விகாரைக்கு அருகே தெரு ஊழியம் வேண்டவே வேண்டாம்.

அந்நியர் மீதான சந்தேகம் இங்கே புதிதல்ல. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளாரையே கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் வைத்தார்கள். 2015இல் காலி முகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் தமிழும் சிங்களமும் பேசி ஊழியம் செய்தவர். தமிழ்ச் சபைக்கே வந்தாலும் முதல் ஆறு மாதம் சிங்களம் படியுங்கள். பத்தரமுல்லையிலும் பொலிஸ் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் அது தேவைப்படும்.

ஆராதனைக்கு நடுவே கூட்டமோ பொலிஸோ வந்தால், பேச வேண்டியவர் உள்ளூர்ப் போதகர், நீங்கள் அல்ல. கடவுச்சீட்டு, விசா பக்கம், பரிந்துரைக் கடிதம் மூன்றின் பிரதிகளும் அவர் கையில் எப்போதும் இருக்கட்டும். கூட்டம் நெருக்கினால் 119க்கு அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.