கச்சான் காற்றும் 180 குதிரைவலுவும்

ஆடி மாதத்துப் பகலில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தால் நகரப் பக்கம் சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதிப் பௌதிகம் ஏற்கெனவே தெரியும். மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று நேரே முகத்தில் அடிக்கும். பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தாலும் வேகம் கொஞ்சம்தான் ஏறும், தொடைதான் எரியும். வாவியின் மறுகரையில், திமிலைதீவுப் பக்கத்து விமான நிலையத்தில் வந்திறங்கும் சின்ன விமானங்களுக்கும் இதே பாடுதான்.

சொந்தமாக ஒரு சிறு விமானம் வைத்திருப்பவர்களின் முதல் ஆசை பெரிய எஞ்சின். உலகில் மிக அதிகமாகக் கட்டப்பட்ட விமானமான செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். 1956இல் விற்பனைக்கு வந்தது, இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் வந்த 172என் வகையில் 160 குதிரைவலு எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு 180 குதிரைவலு எஞ்சின் பூட்டுவது பலரும் செய்யும் மாற்றம். இருபது குதிரைவலு கூடினால் வேகம் எவ்வளவு கூடும்?

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் வலுவோ வேகத்தின் கனமாகக் கூடும். வேகம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் வலு எட்டு மடங்காக வேண்டும். 160ஐ 180 ஆக்குவது எட்டில் ஒரு பங்கு கூட்டுவது. அதாவது 1.125 மடங்கு. இந்த 1.125இன் கனமூலத்தை எடுத்தால் வேகம் நூற்றுக்கு 4 பங்குதான் கூடும். உண்மையில் அதுகூடக் கிடைப்பதில்லை. தொழிற்சாலையே 180 குதிரைவலுவோடு பிறகு வெளியிட்ட 172எஸ் வகையின் உச்ச வேகம் கடல்மட்டத்தில் மணிக்கு 233 கிலோமீற்றர். பழைய 160க்காரனின் வேகம் 232.

அப்படியானால் அந்த இருபதும் எங்கே போயிற்று? ஏற்றத்துக்கு. ஒரு குடும்பத்தின் வரவு செலவைப்போல இதைப் பார்க்கலாம். மேலே ஏறும் வேகத்தில் விமானத்தின் விசிறி எஞ்சின் வலுவில் சுமார் 70 சதவீதத்தையே இழுவிசையாக மாற்றுகிறது. ஆகவே 160இல் கைக்கு வருவது 112. விழாமல் நேரே பறப்பதற்கே ஏறத்தாழ 58 செலவாகிவிடும். மிச்சம் 54. அந்த மிச்சம்தான் விமானத்தை மேலே தூக்குகிறது: நிமிடத்துக்கு 235 மீற்றர். எஞ்சின் 180 ஆனால் வரவு 126. செலவு அதே 58, மிச்சம் 68. வரவு எட்டில் ஒரு பங்குதான் கூடியது, மிச்சமோ நாலில் ஒரு பங்கு கூடிவிட்டது. இவை நான் போட்ட தோராயக் கணக்குகள் என்றாலும் 235 மீற்றர் என்பது தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அளவு. தென்னந்தோப்பைத் தாண்டி எழும்ப வேண்டிய விமானிக்கு இந்த மிச்சம்தான் உயிர்.

ஆனால் அந்த 235 மீற்றர் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குச் சொன்னது. மட்டக்களப்பில் 15 பாகையை யார் கண்டது? வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நம்மை வாட்டும் கச்சானின் கதை மலையிலிருந்து தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி ஏறும்போது மேகமாகி மழையைக் கொட்டுகிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தால் அந்தக் காற்று மெதுவாகவே குளிரும்: மேகத்துக்குள் ஒரு கிலோமீற்றர் ஏறினால் 6 பாகை அளவு. மழையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வறண்டு கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 பாகை சூடேறுகிறது. கிலோமீற்றருக்கு 4 பாகை லாபம். அதுதான் நம் வயலையும் வாயையும் காயவைக்கிற சூடு.

வளி சூடானால் ஐதாகும். 15 பாகையில் ஒரு கனமீற்றர் வளியின் நிறை 1.225 கிலோ. 36 பாகையில் அது 1.14க்கு இறங்கிவிடும். எஞ்சினுக்கு எரிக்கக் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது, விசிறிக்குத் தள்ளக் கிடைக்கும் வளி குறைகிறது, இறக்கைக்கும் அப்படியே. வாவி மட்டத்தில் நிற்கும் விமானம், கடல்மட்டத்திலிருந்து 750 மீற்றர் உயரத்தில் நிற்பதாகவே உணரும். பதுளை நகரைவிட உயரம் அது! ஏற்றம் நிமிடத்துக்கு 235இலிருந்து 215 மீற்றராகக் குறையும். மரநிழலில் அளந்த 36 பாகை இது. ஓடுபாதைத் தாரின்மேல் சூடு இன்னும் கூடுதலாக இருக்கும்.

180 குதிரைவலு இந்த இழப்பை ஈடுகட்டி மேலும் கொஞ்சம் தரும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எஞ்சின் மாற்றத்துக்கான சில அனுமதிகள், விமானத்தின் மொத்த எடையை 1,043 கிலோவிலிருந்து 1,157 கிலோ வரை கூட்டவும் இடம் தருகின்றன. ‘இன்னும் 114 கிலோ ஏற்றலாம்’ என்று ஏற்றினால், பறப்பதற்கான செலவும் கூடும், தூக்க வேண்டிய பாரமும் கூடும். அந்த எடையில் 172எஸ் ஏறுவது நிமிடத்துக்கு 222 மீற்றர்தான், அதுவும் 15 பாகையில். பழைய 160க்காரனின் 235ஐவிடக் குறைவு. கச்சான் நாளில் இரண்டையும் முழுச் சுமையோடு ஓடவிட்டால், பணம் செலவழித்து மாற்றிய விமானம்தான் பின்தங்கும். அனுமதி கிடைத்த எடை வேறு, அன்றைய வளி தாங்கும் எடை வேறு.

எஞ்சினோடு விசிறியையும் யோசிக்க வேண்டும். இந்த விமானங்களில் விசிறியலகின் சாய்வு மாறாதது, ஒரே கியர் வைத்த சைக்கிள் மாதிரி. சாய்வு குறைந்த விசிறி ஏற உதவும். சாய்வு கூடியது சமவானத்தில் ஓட உதவும். எஞ்சினை வேகமாகச் சுழற்றி இரண்டையும் பெற்றுவிடவும் முடியாது. 1.9 மீற்றர் நீள விசிறி நிமிடத்துக்கு 2,700 தடவை சுற்றும்போதே அதன் நுனி செக்கனுக்கு 270 மீற்றரில் பாய்கிறது. ஒலியின் வேகம் 350 சொச்சம். நுனி அதை நெருங்க நெருங்க வலு சத்தமாக வீணாகும். நம் சூட்டுக்கு நான் தெரிவதென்றால் ஏறும் விசிறியைத்தான் தெரிவேன்.

சூட்டைவிட மெதுவாக, ஆனால் விடாமல் தின்பது உப்பு. கடலோரத்து வீடுகளின் ஜன்னல் கம்பி என்ன ஆகிறதென்று நமக்குத் தெரியும். விமானத்தின் உடல் செம்பு கலந்த அலுமினியம். பலம் கூடியது, ஆனால் அரிப்புக்கு இளகியது. அதனால்தான் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டுகிறார்கள். ஆணித் துளைகளிலும் வெட்டிய ஓரங்களிலும் அந்தப் போர்வை கிடையாது. உப்பீரம் அங்கே நுழைந்தால் செந்துரு வராது; பெயின்றுக்கு அடியில் வெள்ளைப் பொடியாகப் பொங்கும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கலாம்.

எஞ்சினுக்குள்ளும் இதே பகைதான். இந்த விமானங்களில் இருக்கும் லைகொமிங் நிறுவனத்து எஞ்சினில் வால்வுகளைத் தள்ளும் கேம் தண்டு மேற்புறம் இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஒயில் வடிந்து கீழே போய்விடும். தண்டு வெறும் உடம்போடு ஈரக்காற்றில் கிடக்கும். துரு பிடித்த தண்டை ஓட்டினால் அந்தத் துருவே அரமாகி அதைத் தேய்க்கும். இதற்கு மருந்து பறப்பதுதான். ஒயில் நன்றாகச் சூடேறி உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போக ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும், கடலோரத்தில் அடிக்கடி. நிலத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பது கெடுதல். எரிதலில் பிறந்த நீர் உள்ளேயே தங்கிவிடும்.

இவற்றில் எந்த மாற்றத்தையும் மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதுபோல் நினைத்தபடி செய்ய முடியாது. ஒவ்வொன்றும் அந்த வகை விமானத்துக்கென்று சோதித்து அங்கீகரித்த வரைபடத்தோடு வரவேண்டும். உரிமம் பெற்ற பொறியியலாளர் கையொப்பமிட வேண்டும். 4ஆர் என்ற எழுத்தோடு பதிவாகும் இலங்கை விமானங்களுக்கு இதைப் பார்ப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை.

செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. 172என்னில் பறக்கப் பயன்படும் பெற்றோல் ஏறத்தாழ 150 லீற்றர். குறுகிய பயணத்துக்கு அதில் பாதியை இறக்கிவிட்டால் 54 கிலோ குறையும். அதோடு கச்சான் எழும்புமுன், வாவி அசையாமல் கிடக்கும் 26 பாகைக் காலையில் புறப்பட்டால், 160 குதிரைவலு எஞ்சினே கையேட்டில் சொன்ன 235 மீற்றரைத் தாண்டி ஏறிவிடும்.