சொல் விளக்கம்: வின்ச்

பழனிக்குப் போய் வந்தவர்கள் "வின்ச்சில் ஏறினோம்" என்பார்கள். உண்மையில் அவர்கள் ஏறியது தண்டவாளத்தில் போகும் பெட்டியில். மேலே இருந்துகொண்டு கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் உருளைப் பொறிதான் வின்ச். பொறியின் பெயர் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கயிறு சுற்றும் உருளை, கப்பி என்று பொருள். வளைவைக் குறிக்கும் வேர். கண் சிமிட்டுவதைச் சொல்லும் 'விங்க்' இதற்குப் பங்காளி முறை.

கப்பல் தளத்தில் கிடந்த வின்ச் 1940களில் ஹெலிகாப்டருக்கு ஏறியது. அமெரிக்கர்கள் அதை 'ஹாய்ஸ்ட்' என்கிறார்கள். 1945 நவம்பர் 29. அமெரிக்காவின் கனெக்டிகட் கரையோரம், புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகில் இரண்டு பேர். பக்கத்திலேயே ஹெலிகாப்டர் செய்யும் சிகோர்ஸ்கி தொழிற்சாலை. அதை நிறுவிய சிகோர்ஸ்கியின் சகோதரி மகன் ஜிம்மி வைனர் ஆர்-5 ஹெலிகாப்டரை ஓட்ட, ராணுவ கேப்டன் பெய்ல் வின்ச்சைக் கவனித்தார். முதல் ஆள் மேலே வந்துவிட்டார். இரண்டாவது ஆளைத் தூக்கும்போது வின்ச் சிக்கிக்கொண்டது. தொங்கவிட்டபடியே கரைக்குக் கொண்டுவந்தார்கள். வின்ச் வழியாக ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு என்று சொல்லப்படுவது இதுதான்.

அப்புறம் கடற்படைகள் பிடித்துக்கொண்டன. விமானந்தாங்கிக் கப்பலில் விமானங்கள் ஏறி இறங்கும் நேரத்தில், தவறி விழும் விமானியைத் தூக்க ஒரு ஹெலிகாப்டர் பக்கத்திலேயே பறக்கும். வடத்தின் நுனியில் அக்குளுக்கடியில் மாட்டும் வளையம். மயங்கிக் கிடப்பவர் எப்படி மாட்டிக்கொள்வார்? அதற்குத்தான் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஸ்ப்ரூல் ஒரு வலை செய்தார். மீன் அள்ளுவது போல ஆளை அள்ளலாம்.

சரி, தமிழில்? 'பாரந்தூக்கி' கிரேனுக்குப் போய்விட்டது. 'ராட்டினம்' என்றால் திருவிழா நினைவுதான் வரும். 'கப்பி' பொருந்தாது: கிணற்றுக் கப்பியில் கயிறு மேலே ஏறி மறுபக்கம் நம் கைக்கு வந்துவிடும், வின்ச்சோ கயிற்றைத் தன் மேலேயே சுருட்டிக்கொள்ளும். 'வடஞ்சுருட்டி' என்பது என் விருப்பம். தேர் வடம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

செய்தி எழுதும்போது பெயர்ச்சொல்லே தேவையில்லை. 'வின்ச் மூலம் மீட்கப்பட்டார்' என்பதை 'வடம் இறக்கித் தூக்கினார்கள்' என்று எழுதினாலே போதும்.