ஒப்ரா கடிதத்தில் ‘ஓரே’ என்று வந்தால்

பிரான்ஸில் அகதி விண்ணப்பம் செய்யும் ஈழத்தமிழர்களுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அகதி விண்ணப்பங்களை முடிவு செய்யும் பிரெஞ்சு அரசு அலுவலகமான ஒப்ராவின் முடிவு வந்ததும் பலர் முதலில் தேடுவது தங்கள் கைதைப் பற்றிய வரியைத்தான். பல கடிதங்களில் அது ‘இல் ஓரே ஏத்தே அரெத்தே’ என்று இருக்கும். “அப்ப ஒத்துக்கொண்டிட்டினம்” என்று சிலர் மகிழ்கிறார்கள். அரைகுறையாகப் பிரெஞ்சு தெரிந்த யாராவது “நம்பேல்ல எண்டு எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டால், குடும்பமே இடிந்துபோகிறது. இரண்டு வாசிப்பும் தவறு.

‘இல் ஆ ஏத்தே அரெத்தே’ என்றால் அவர் கைது செய்யப்பட்டார்; எழுதுபவரே அதை நடந்ததாகச் சொல்கிறார். ‘ஆ’ இருந்த இடத்தில் ‘ஓரே’ வந்தால், கைது செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். எழுதியவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உறுதியாகாத செய்திகளைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதுவதும் இந்த வடிவத்தில்தான். உங்களை நம்பினார்களா என்பது, பின்னால் காரணங்கள் சொல்லும் பத்திகளில் இருக்கும். அதை உடனே யாரிடமாவது முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். மறுப்பு என்றால், மொந்த்ரேயில் உள்ள அகதிகள் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய, முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம்.

இந்த வடிவத்துக்குப் பெயர் கொந்திசியொனெல். எதிர்கால வினையின் அடியோடு, இறந்தகாலமான அம்பர்ஃபேயின் விகுதியைச் சேர்த்தால் போதும். ‘பார்லே’ (பேசுதல்) என்ற வினை ‘ழ பார்லெரே’ ஆகும். ஒழுங்கு மீறும் அடிகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்: எத்ருக்கு (இருத்தல்) ‘ஸெர்’, அவுவாருக்கு (உடைத்தாயிருத்தல்) ‘ஓர்’, அலேக்கு (போதல்) ‘இர்’. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ‘ஓரே’ அல்லது ‘ஸெரே’யோடு இறந்தகால எச்சம் வரும். கடையில் ‘எனக்கு வேண்டும்’ என்று பணிவாகக் கேட்கும் ‘ழ வூத்ரே’யும் இதே குடும்பம்தான். ‘ஸி’ என்று தொடங்கும் நிபந்தனைப் பகுதிக்குள் மட்டும் இது வராது. ‘ஸி ழாவே ல தாம், ழ வியாந்த்ரே’: நேரம் இருந்தால் வருவேன்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. விண்ணப்பத்தோடு கொடுக்கும் வாக்குமூலத்தை, பிரெஞ்சு தெரிந்த நண்பர்கள் அழகாக இருக்கட்டும் என்று ‘ஓரே’ போட்டு எழுதித் தருகிறார்கள். உங்கள் உடம்பு பட்ட அடி, ஊர் வாயில் கேட்ட கதைபோல் ஆகிவிடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது ‘ஓரே’ இல்லாமல், நேரடி இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வந்த பிறகு ஆமி வீட்டுக்குத் தேடி வந்ததாக அம்மா போனில் சொன்னாரா? அப்படியென்றால் அம்மா சொன்னார் என்றே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு ‘ஓரே’க்கும் அர்த்தம் கேளுங்கள்.